சாட்சி என்று அவள் என்னைக் கூப்பிட்ட காலம்

மைதிலி,

உன்னுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று உன் அம்மா சொல்லிவிட்டா. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். கடைக்குச் சாமான் எழுதித் தந்தாலே அதில் நாலு பிழை பிடிப்பாய். இதைத் திருத்த நீ இல்லை. ஆனபடியால் பிழையோடேயே எழுதுகிறேன்.

செத்தவீட்டுக்கு ரயிலில் என்னோடு வேலை செய்தவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவன், என்னுடைய இடத்துக்கு வந்தவன், உன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னான்: "புதுப் பெட்டியள் வருதாம் அண்ணை. நடைபாதை முழுக்கக் கமரா. இனி அக்கா அண்டைக்குச் செய்த மாதிரி ஒருத்தரும் கஷ்டப்படத் தேவையில்லை." நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். அதை முழுக்கச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இங்கே, இதை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன்.

அப்பா மொன்றியலில் செத்தபோது எனக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கினேன். இருபத்திரண்டு வயதில் ரயிலில் வேலை கிடைத்தது. மொன்றியலில் பின்னேரம் வெளிக்கிட்டு, இரவு முழுக்க ஓடி, அடுத்த நாள் கிழக்குக் கரைக்குப் போகும் ரயில். அதில் படுக்கைப் பெட்டிக்கு நான் பொறுப்பு. பயிற்சி இரண்டு கிழமை, எல்லாம் பிரெஞ்சில். பாதி விளங்கவில்லை, ஆனால் கை பிடித்துக்கொண்டது. பதினொரு வருடம் ஓடினேன். போன வருடம் பனி உறைந்த படியில் சறுக்கி முழங்கால் போய்விட்டது. முப்பத்து மூன்று வயதில் ஓய்வு. சிரிக்காதீர்கள், கடிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

பின்னேரம் பயணிகள் சாப்பிடப் போன நேரத்தில் அறை அறையாகப் போய்க் கட்டில் விரிப்பதுதான் என் முக்கிய வேலை. இருக்கையை மடக்கிச் சுவரில் இருந்து கட்டிலை இழுக்க வேண்டும். விரிப்பு, கம்பளி, கால்பக்கத்தை உள்ளே செருகுதல், இரண்டு தலையணை. எல்லாம் இறகுத் தலையணை. கை வைத்தால் மணிக்கட்டு வரை புதையும். ஓர் அறைக்கு நாலு நிமிடம்.

அவன் சொன்ன அந்தக் கதை நடந்த மாசி மாதப் பயணத்தில் மிசியே பெலாஞ்சே என்று ஒரு வயதானவர் வந்தார். எழுபத்தெட்டு வயது. கரையோரத்தில் இருக்கும் மகளிடம், அங்கேயே இருந்துவிடுவது என்று போகிறார். பக்கத்து அறையில் அவருடைய அக்காவின் மகன் மார்க். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு மடிப்புக் கதவு இருக்கும். அதன் கொளுக்கி பெரியவரின் பக்கம் இருந்தது. அவர் கொளுவினால் மார்க்கால் இந்தப் பக்கம் வர முடியாது. நடைபாதைக் கதவை வெளியில் இருந்து திறக்க என்னிடம் ஒரு சாவி. வேறு வழி இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அன்றைக்கு என் உயிர் இதில்தான் தொங்கியது.

பெரியவர் நல்ல மனிதர். இறகு தனக்கு இழுப்பு வரப்பண்ணும் என்று சொன்னார். இரண்டு இறகுத் தலையணையையும் எடுத்துவிட்டு, பணியாளர் கட்டிலில் நான் வைத்திருந்த ஸ்பொஞ்ச் தலையணைக்கு வெள்ளை உறை போட்டுக் கொடுத்தேன். "அப்ப நீ எதிலே படுப்பாய்?" என்று கேட்டார். அப்படிக் கேட்ட பயணி அவர் ஒருவர்தான்.

விடியப்புறம் மத்தப்பேடியா பள்ளத்தாக்கில் ரயில் நின்றுவிட்டது. மலைப்பக்கத்தால் பனி சரிந்து தண்டவாளத்தை மூடியிருந்தது. பக்கத்தில் றோட்டும் இல்லை. பனி தள்ளும் வண்டி பின்னேரம்தான் வரும் என்றார்கள். நான் வழமை போல ஏழரைக்குக் கோப்பி கொண்டு போனேன். தட்டினேன், சத்தமில்லை. சாவியால் திறந்தேன்.

பெரியவர் வாய் திறந்தபடி, ஒரு கால் மடங்கி, செத்துக் கிடந்தார்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பா செத்தபோது அம்மா என்ன செய்தாவோ அதையே நானும் செய்தேன். கண்ணை மூடினேன். காலை நீட்டினேன். உதட்டில் ஒரு பொட்டு இரத்தம் இருந்தது, துவாயை நனைத்துத் துடைத்தேன். தலையைத் தூக்கி நேராக வைத்தேன். அழுக்குத்துணிப் பையின் நாடாவை உருவிக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். வயதானவர், வருத்தக்காரர், நித்திரையில் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பிள்ளை பக்கத்தில் இல்லாத மனிதரை அலங்கோலமாக விட மனம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் மடிப்புக் கதவைத் திறந்து மார்க்கை எழுப்பினேன். கட்டிலில் எழும்பி இருந்து, மாமாவுக்கு இதயம் சரியில்லை என்று சொல்லி அழுதார்.

ரயில் பொறுப்பாளர் ழில், டொக்டர் யாராவது இருக்கிறாரா என்று ஒலிபெருக்கியில் கேட்டார். டொக்டர் வரவில்லை. சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை போட்ட ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். அதுதான் மைதிலி. மொன்றியல் பொலிஸில் துப்பறியும் பிரிவு, ஒரு வழக்குக்குச் சாட்சி சொல்லப் போகிறேன் என்று அட்டையைக் காட்டினாள். அன்றைக்கு என் வாயில் வந்தது "நீங்கள்"தான். இப்போது பழக்கத்தில் அவள் என்றே எழுதுகிறேன்.

அவள் உள்ளே வரவில்லை. கதவடியில் நின்று பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு கைப்பேசியால் படம் எடுத்தாள், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். கையுறையைப் போட்டுக்கொண்டு இரண்டே அடி வைத்து உள்ளே போய், ஒரு கண்ணிமையையும் மேலுதட்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, வைத்த அடியிலேயே திரும்பி வந்தாள். கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள். உதட்டின் உள்பக்கம் பல்லில் அமத்திக் கிழிந்திருந்தது. யாரோ முகத்தில் எதையோ வைத்து அமத்தியிருக்கிறார்கள். இதை அவள் பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். அப்போது பிரெஞ்சில் ஒன்றுதான் கேட்டாள்: "யார் தொட்டது?"

ழில் அதற்கு முன்னமே என் காதில் சொல்லியிருந்தார், தொட்டேன் என்று சொல்லாதே, வேலை போகும் என்று. ஒருவரும் தொடவில்லை என்றேன்.

அவள் என் சட்டையில் இருந்த பெயரை வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"கஜன், பெருவிரலைப் பிரெஞ்சுக்காரர் கட்டமாட்டினம்."

நான் கட்டிய நாடாவைக் கண்டுவிட்டாள். "அக்கா..." என்றேன்.

"அக்கா எண்டு கூப்பிடாதையும். நான் உமக்குச் சொந்தம் இல்லை. இண்டைக்கு இந்த ரயிலிலை நான் ஒருத்தருக்கும் சொந்தம் இல்லை."

ரயில் வானொலியில் அவள் மேலிடத்தோடு கதைத்தாள். அந்தப் பகுதிப் பொலிஸ் வந்து சேர வழி திறக்க வேண்டும், அதுவரை நீயே பார் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு அறைக் கதவுகளிலும் பசைநாடா ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். மார்க் போட்டிருந்த உடுப்போடு வெளியே வந்தார், ஒரு சாமானும் எடுக்க விடவில்லை. பிறகு நடைபாதையில் ஒரு சின்ன இருக்கையைப் போட்டு இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்தாள். பின்னேரம் வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழும்பினால், தன் இடத்தில் ழில்லை நிறுத்தி, எழும்பிய நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் எழுதினாள். பெட்டிக்குள் சூடு குறைந்துகொண்டு வந்தது. ழில் ஒரு கம்பளி கொண்டு வந்தார். அது இந்தப் பெட்டிக் கம்பளியா என்று கேட்டாள். ஓம் என்றதும் வேண்டாம் என்றுவிட்டாள். அதுவும் சாட்சியாம்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதினாள். மார்க்கின் கதை சுருக்கமானது: படுத்தேன், விடியும் வரை எழும்பவில்லை, மடிப்புக் கதவை மாமா தன் பக்கத்தால் கொளுவியிருந்தார், சாவி இருந்தது இந்தப் பையனிடம்தான், அவரின் காலைக் கட்டியவனும் இவன்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணீர் காய்ந்திருந்தது.

எனக்கு அப்போது குடியுரிமை இல்லை. ஒரு வழக்கில் மாட்டினால் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பயம். அம்மாவை நினைத்தேன். ழில் என்னைச் சமையல் பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு யோசனை சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார். காலையில் மடிப்புக் கதவு கொளுவாமல் இருந்தது என்று சொல்லு, கேட்க ஆளில்லை, அவ்வளவுதான் என்றார். சரிதான். கொளுவாமல் இருந்தால் மார்க் வந்திருக்கலாம். கொளுவி இருந்தால் சாவிக்காரன் நான் மட்டும்தான்.

உண்மை என்னவென்றால் எனக்கு ஞாபகம் இல்லை. பதற்றத்தில் திறந்தேன். கொளுக்கியைத் தூக்கினேனா, சும்மா தள்ளினேனா, தெரியவில்லை.

என் முறை வந்தது. அவளுக்கு முன்னால் நின்றபோது ழில் சொன்னது நாக்கு நுனியில் இருந்தது. அவள் எழுதுகோலை மூடி வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"நீர் ஏற்கனவே ஒரு பொய் சொல்லிப்போட்டீர். அதை எழுதியிருக்கிறன். இப்ப உமக்கு வசதியான ஒண்டைச் சொன்னால் அதையும் எழுதுவன். பேந்து அது பொய் எண்டு வந்தால், என்னாலையும் உம்மைக் காப்பாத்தேலாது. விளங்குதோ?"

"ஓம்."

"மடிப்புக் கதவு கொளுவி இருந்ததோ?"

நான் அழுதுவிட்டேன். "ஞாபகம் இல்லை. சத்தியமா ஞாபகம் இல்லை."

"சத்தியம் வேண்டாம். ஞாபகம் இல்லை எண்டு எழுதுறன்."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், துவாய் உட்பட. அவள் அழுக்குத்துணிப் பையில் இருந்து அந்தத் துவாயை எடுத்துக் கடதாசிப் பையில் போட்டாள். பிளாஸ்டிக்கில் போடவில்லை, ஈரம் பழுதாக்குமாம். அதோடு விடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. ழில்லைக் கதவடியில் இருத்திவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அடுத்த பெட்டியில் வெறுமையாக இருந்த ஓர் அறைக்கு வந்தாள். கட்டிலை விரிக்கச் சொன்னாள். தன்னுடைய குளிர்ச்சட்டையைச் சுருட்டித் தலை என்று வைத்தாள்.

"காலமை செய்ததை எல்லாம் இப்ப திருப்பிச் செய்யும். வாய் திறக்கக் கூடாது. கை மட்டும்."

எனக்கு விசராக, பைத்தியக்கார வேலையாக இருந்தது. குளிர்ச்சட்டைக்குக் கண் மூடினேன். இல்லாத காலை நீட்டினேன். உதட்டைத் துடைத்தேன். இடது கையைத் தலைக்குக் கீழே கொடுத்துத் தூக்கினேன்.

"நில்லும். திருப்பி."

திருப்பித் தூக்கினேன். இன்னொரு தரம் என்றாள். மூன்றாம் தரம் என் கையைத் தொடாமல் விரலால் காட்டினாள். "மற்ற வேலை எல்லாம் மேலோட்டமாச் செய்யிறீர். இந்த இடத்திலை மட்டும் கை ஏன் அவ்வளவு கீழை போகுது?"

"தலையணை புதையும்தானே, அதுதான்."

சொல்லி முடித்ததும் கையை அப்படியே நிறுத்திவிட்டேன். பெரியவருக்கு நான் கொடுத்தது ஸ்பொஞ்ச். அது புதையாது, எவ்வளவு அமத்தினாலும் எழும்பி வரும். காலையில் என் கை புதைந்தது. அப்போது பயத்தில் மூளைக்கு எட்டவில்லை, கைக்குத் தெரிந்திருக்கிறது.

"அது என்ரை தலையணை இல்லை," என்றேன். "ஆரோ மாத்திப்போட்டினம்."

அவள் சிரிக்கவில்லை, கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை. நேரத்தைப் பார்த்து எழுதினாள். பிறகு நடைபாதைக்குப் போய் மார்க்கைக் கூப்பிட்டாள். உங்கள் அறையில் உள்ள சாமான்களை ஒருதரம் சொல்லுங்கள் என்று மிக மரியாதையாகக் கேட்டாள். பை, சப்பாத்து, கம்பளி, இரண்டு தலையணை. எல்லாம் மொன்றியலில் இருந்தே உங்கள் அறையில் இருந்தவைதானா? ஓம். இரவு யாராவது வந்து எதையாவது வைத்தார்களா, எடுத்தார்களா? இல்லை. அதையும் எழுதி வாசித்துக் காட்டி அவரிடம் கையெழுத்து வாங்கினாள். அதற்குப் பிறகுதான் தேடினாள். கையெழுத்து முதல், தேடல் பிறகு. இந்த ஒழுங்கை அவள் வாழ்நாளில் மாற்றவில்லை.

என்னைக் கிட்ட வரவிடவில்லை. ழில்லும் இன்னொரு பயணியும் பார்த்துக்கொண்டு நிற்க, பசைநாடாவை வெட்டி மார்க்கின் அறைக்குள் போனாள். கட்டிலில் இரண்டு தலையணை. ஒன்றை அமத்தினாள், புதைந்தது. மற்றதை அமத்தினாள், எழும்பி வந்தது. அதன் உறையை மார்க் உள் வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தார். இப்போது உள்ளே இருந்த பக்கத்தில் பல் வரிசையின் அச்சும் ஒரு சின்ன இரத்தக் கறையும். தன்னுடைய மாமாவைக் கொன்ற தலையணையில் அவர் விடியும் வரை தலை வைத்துப் படுத்திருக்கிறார். நான் கோப்பியோடு வந்து எழுப்பினபோதும் அதில்தான் கிடந்தார். அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குள் கால் வைக்கவே இல்லை, அவள் வந்து பசைநாடா ஒட்டிவிட்டாள்.

மாமாதான் தந்தார் என்று மார்க் சொல்லத் தொடங்கினார். அவள் வாதாடவில்லை. "நீங்கள் சற்று முன் வேறு மாதிரிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு அவருக்கு ஒரு வழக்கறிஞர் வைக்கும் உரிமை இருக்கிறது என்றதை வாசித்தாள். நாலரைக்குப் பனி தள்ளும் வண்டியும் பொலிஸும் வந்தன. தன்னுடைய குறிப்புப் புத்தகத்தை ஒப்படைத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் அந்தச் சின்ன இருக்கையை மடக்கினாள்.

ஏன் கொன்றார் என்பதை நான் எழுதமாட்டேன். பெரியவரின் மகள் அதை எங்கும் கதைக்க வேண்டாம் என்று கேட்டிருந்தா. மைதிலியும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காரணம் பேந்து வரும், முதல் கை எங்கை போனது எண்டு பார்க்கவேணும் என்பாள்.

வழக்கு முடிய இரண்டரை வருடம். முதல் இரண்டு மாதம் என்னை வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள், பிறகு எடுத்தார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் அவளுடைய சித்தி இருந்தா. இரண்டு மூன்று தரம் தெருவில் கண்டேன். வணக்கம் சொன்னால், "சாட்சியோடை நான் கதைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவாள். ஒருதரம் மெத்ரோவில் நான் ஏறின பெட்டியில் இருந்து இறங்கி அடுத்த பெட்டியில் ஏறினாள். என் அம்மாவுக்கு அவள் மேல் கோபம். தமிழ்ப் பிள்ளை, ஒரு சொல்லு கதைச்சால் வாய் தேஞ்சிடுமோ என்று கேட்பா.

நீதிமன்றத்தில் மார்க்கின் வழக்கறிஞர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். இறந்தவரின் உடம்பை மாற்றியவன், இரத்தத்தைத் துடைத்தவன், பொலிஸுக்குப் பொய் சொன்னவன், இவனுடைய கை புதைந்ததாம், அதை நாங்கள் நம்ப வேண்டுமாம் என்றார். அடுத்து மைதிலி ஏறினாள். நீங்களும் தமிழ், அவரும் தமிழ், அவருக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தீர்களா என்று கேட்டார். அவள் அறிக்கையைத் திறந்து ஒரு பக்கத்தை வாசித்தாள். நான் செய்த பிழை ஏழு. ஒன்றையும் விடவில்லை. பொய் சொன்ன நேரம், அழுத நேரம் கூட இருந்தது. கடைசியில் ஒரு வரி: மடிப்புக் கதவைப் பற்றித் தனக்கு உதவக்கூடிய பதிலைச் சொல்ல வாய்ப்பு இருந்தும், இந்தச் சாட்சி ஞாபகம் இல்லை என்றே சொன்னார்.

அந்த வழக்கறிஞர் அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

என்னைப் பற்றி எவராவது எழுத்தில் நல்லதாக எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். அதுவும் என் குற்றங்களை எல்லாம் எழுதின அதே பக்கத்தில்.

தீர்ப்பு வந்தது. குற்றவாளி. அடுத்த நாள் எனக்குத் தொலைபேசி வந்தது.

"கஜன், உம்மடை சாட்சி வேலை முடிஞ்சுது. இனிக் கதைக்கலாம். எங்கை நல்ல தேத்தண்ணி கிடைக்கும்?"

"ஓம் அக்கா," என்றேன், பயத்தில்.

"அந்தச் சொல்லை இண்டையோடை விடும்," என்றாள். எங்கள் கலியாண வீட்டில் இந்தக் கதையைச் சொல்லி அவளுடைய தம்பி சபையையே சிரிக்க வைத்தான்.

ரொக்ஸ்பரோவில் அவளுடைய அம்மா அப்பாவோடு நாலு வருடம் இருந்தோம். அதற்குப் பிறகு அவள் எத்தனையோ வழக்குப் பார்த்தாள். வீட்டில் ஒன்றையும் சொல்லமாட்டாள், நான்தான் சந்தையிலும் கோயிலிலும் கண்டவர்களிடம் எல்லாம் என் மனுசி டிடெக்டிவ் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். அவளுக்கு வெட்கம், எனக்குப் பெருமை. இப்போதும் பெருமைதான். இந்த வைகாசியில் அவளுக்குத் தீராத வருத்தம் என்று தெரிந்தது, ஐப்பசியில் முடிந்துவிட்டது. டொக்டர்மாருக்குச் சிரமம் குடுக்காத நோயாளி என்று தாதிகள் சொன்னார்கள். சிரமம் குடுத்தாள். மருந்து தந்த நேரத்தை அவர்கள் எழுத மறந்தால் விடமாட்டாள்.

கமரா வரட்டும், நல்லது. ஆனால் பயந்துபோய் நின்ற ஒருவனை, பொய் சொன்னவனை, இரண்டாம் தரம் உண்மை சொல்ல விட்டவள் அவள். தன் ஆள் என்று என்னைத் தப்பவும் விடவில்லை, பொய்யன் என்று தள்ளிவிடவும் இல்லை. நான் சிறைக்குப் போகாமல், அம்மாவை விட்டுப் போகாமல் இந்த ஊரில் இருப்பது அதனால்தான். இதில் நான் ஒன்றையும் கூட்டி எழுதவில்லை. கூட்டி எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

அவள் பெரிதாகக் கும்பிட்டவள் இல்லை. கோயிலுக்கு வந்தாலும் செருப்பு விடும் இடத்திலேயே யாரோடாவது கதைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். எனக்கும் தேவாரம் ஒன்று முழுதாகத் தெரியாது. ஆனபடியால் இதை வாசிக்கும் உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். எந்தக் கடவுளிடம் என்றாலும் பரவாயில்லை, கோயிலோ தேவாலயமோ வீட்டுச் சாமியறையோ, மைதிலி என்று பெயர் சொல்லி அவளுடைய ஆத்மா அமைதியாக இருக்க ஒருதரம் கும்பிடுங்கள். எனக்கு அது தனியாகச் செய்ய முடியாமல் இருக்கிறது.